‘பெர்தோன்’னு சொல்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

போன இதழ்ல ஸ்பானிஷ்ல வணக்கம், நன்றி எல்லாம் எப்படி சொல்றதுன்னு எழுதுனதுக்கு அப்புறம் வந்த கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பக்கமாத்தான் போகுது, ஸ்பானிஷ் பேசுற டூரிஸ்ட் நம்மகிட்ட ‘பெர்தோன்’னு மன்னிப்பு கேட்டா நாம என்ன சொல்றதுன்னு. ஜூலை, ஆகஸ்ட் ஸ்பெயின்ல லீவு காலம், அந்த நேரத்துல எல்ல, அப்புத்தளை, நுவரெலியா பக்கம் ஸ்பானிஷ் காதுல விழாம இருக்காது. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க இதுக்கே.

கேள்வி: அக்கா, நான் அப்புத்தளையில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேல செய்றேன். போன கெழம ஸ்பெயின்ல இருந்து ஒரு குடும்பம் வந்தாங்க. சின்னப் புள்ள பிளேன்டீ கப்ப தட்டி விட்டுருச்சு, மேச விரிப்பெல்லாம் தேத்தண்ணி. அம்மாக்காரங்க ‘பெர்தோன், பெர்தோன்’னு பதறிப்போய் அவங்களே தொடைக்க வந்துட்டாங்க. எனக்கு தெரிஞ்சது ‘தெ நாதா’ மட்டும்தான், அதையே சொல்லி வச்சேன். அவங்க சிரிச்சாங்க, ஆனா ஏதோ பொருந்தலன்னு எனக்கே வெளங்குச்சு. என்ன சொல்லிருக்கணும்?
– வாசகி, அப்புத்தளை

பதில்: தங்கச்சி, ‘தெ நாதா’ நன்றிக்கு சொல்ற பதில். ‘கிராஸியாஸ்’னு சொன்னா ‘தெ நாதா’, இல்லன்னா ‘நோ ஐ தெ கே’. மன்னிப்புக்கு அது ஒட்டாது. ஆனா நீங்க சிரிச்ச முகத்தோட சொல்லிருப்பீங்க, அவங்களுக்கு விஷயம் போய் சேந்துருக்கும், அத பத்தி மனசுல வச்சுக்காதீங்க.

அந்த எடத்துக்கு ஸ்பெயின்காரங்க வாயில மொதல்ல வர்றது ‘நோ பாஸா நாதா’. ஒன்னும் ஆகல, அவ்வளவுதான். கப்பு ஒடஞ்சாலும், கால மிதிச்சாலும், பஸ்ஸுல பேக் இடிச்சாலும், அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலும் அங்க இதத்தான் கேப்பீங்க. இது நம்ம வாய்க்கு ரொம்ப லேசான சொல்லு, ஏன்னா ‘நாதா’வுல இருக்குற அந்த ‘த’ நாம ‘பாதம்’, ‘காது’ன்னு சொல்றப்ப நடுவுல மெதுவா வர்ற அதே சத்தம். இங்கிலீஷ் பேசுறவங்க இந்த எழுத்துக்கு பெரிய பாடு படுவாங்க, நமக்கு பொறப்புலயே இருக்கு. ‘பாஸா’வுல வர்ற ‘பா’வும் ‘பால்’ல வர்ற பா தான், காத்து விட்டு ஊதாம சொல்லுங்க.

அடுத்தது ‘நோ ஐ ப்ரோப்லேமா’. எழுத்துல பாத்தா அந்த ‘ஐ’க்கு முன்னால ஒரு எச் நிக்கும், ஸ்பானிஷ்ல எச் வாய தெறக்காது, அத விட்டுருங்க. பிரச்சினை இல்லன்னு அர்த்தம், எந்த நாட்டுக்காரங்களுக்கும் வெளங்கும். ‘நோ இம்ப்போர்த்தா’ன்னும் சொல்லலாம், ஆனா அத மொட்டையா சொன்னா கொஞ்சம் கண்டுக்காத மாதிரி கேக்கும், முகத்துல சிரிப்பு இருந்தா சரி. ‘நோ எஸ் நாதா’ன்னா இதெல்லாம் ஒரு விஷயமேயில்லன்னு, சின்ன சின்ன விஷயத்துக்கு நல்லா பொருந்தும்.

ஆனா உங்க கதையில ஒன்னு இருக்கு. சுடு தேத்தண்ணி, பக்கத்துல சின்னப் புள்ள. அப்ப மொதல்ல கேக்க வேண்டியது புள்ளைக்கு ஒன்னும் ஆகலையான்னுதான். புள்ளைய காட்டி ‘எஸ்தா பியென்?’னு கேளுங்க, நல்லா இருக்காளா, சுட்டுச்சான்னு அவங்களுக்கு புரிஞ்சுரும். அதுக்கு அப்புறம் ‘நோ பாஸா நாதா’ சொல்லிக்கிட்டே துணிய நீங்க கையில வாங்கிக்கங்க. அவங்கள தொடைக்க விட்டுட்டு வாயால மட்டும் ஒன்னும் ஆகலன்னு சொன்னா யாருக்கும் மனசு ஆறாது.

கேள்வி: அக்கா, நானுஓயா ஸ்டேஷன்ல த்ரீவீல் ஓட்டுறேன். ஃபோன்ல ஒரு ஆப்புல ஸ்பானிஷ் கேட்டு படிக்கிறேன். அதுல ஒரு எடத்துல ‘நோ தெ ப்ரெயோக்கூப்பெஸ்’னு வருது, இன்னொரு எடத்துல ‘நோ ஸெ ப்ரெயோக்கூப்பெ’ன்னு வருது. ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே அர்த்தம்தான் போட்ருக்கு. எத சொல்றது?
– வாசகர், நானுஓயா

பதில்: தம்பி, ரெண்டுமே கவலப்படாதன்னுதான், ஆனா ஒன்னு நீ, இன்னொன்னு நீங்க. ஸ்பானிஷ்ல ‘தூ’ன்னா நீ, ‘உஸ்தெத்’னா நீங்க. இங்கிலீஷ்ல இந்த வித்தியாசம் இல்லாததால ஆப்பு ஒரே அர்த்தத்த போட்டுட்டு போயிருச்சு, தமிழ் வழியா படிச்சா இந்த குழப்பமே வராது.

நரச்ச தலையோட ஒரு ஐயாவும் அம்மாவும் பெட்டிய இழுத்துக்கிட்டு வந்து லேட்டாயிருச்சுன்னு மன்னிப்பு கேட்டா ‘நோ ஸெ ப்ரெயோக்கூப்பெ’. ரெண்டு பேரையும் சேத்து சொல்றதா இருந்தா ‘நோ ஸெ ப்ரெயோக்கூப்பென்’. உங்க வயசு பொடியன் ஒருத்தன் முதுகுல பேக்கோட வந்தா ‘நோ தெ ப்ரெயோக்கூப்பெஸ்’. அழுத்தம் எல்லாத்துலயும் ‘கூ’ மேல. ஸ்பெயின்ல கூட்டாளிங்க ஒரு கூட்டமா இருந்தா ‘நோ ஓஸ் ப்ரெயோக்குப்பேய்ஸ்’னு இன்னொரு வடிவம் இருக்கு, அங்க மட்டும் அழுத்தம் ‘பேய்ஸ்’ மேல போயிரும். அத காதுக்கு தெரிஞ்சு வச்சுக்கங்க, நீங்க ‘ப்ரெயோக்கூப்பென்’னே சொன்னாலும் அது கூடுதல் மரியாதையாத்தான் கேக்கும்.

எத சொல்றதுன்னு சந்தேகம் வந்தா உஸ்தெத்துல நில்லுங்க. ஸ்பெயின்ல இப்ப தெரியாத ஆளுகிட்ட கூட சீக்கிரமே தூவுக்கு போயிருவாங்க, அவங்களே உங்கள தூன்னு கூப்பிடுவாங்க, அது மரியாத கொறைவு இல்ல, அவங்க பழக்கம் அப்படி. கொலம்பியா பக்கம் பாத்தீங்கன்னா வீட்டுக்குள்ளயே உஸ்தெத் சொல்றவங்க இருக்காங்க. அதனால நீங்கன்னு ஆரம்பிச்சு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அவங்களா ‘தூத்தேயாமெ’ன்னு சொன்னா, நீன்னே கூப்பிடுப்பான்னு அர்த்தம், அப்ப மாத்திக்கங்க.

உங்க வேலைக்கு இன்னும் ரெண்டு சொல்லு சேத்து தர்றேன். எல்ல ரயிலுக்கு நேரம் இருக்குறப்ப ‘நோ ஸெ ப்ரெயோக்கூப்பெ, ஐ தியெம்ப்போ’, கவலப்படாதீங்க, நேரம் இருக்குன்னு. மன்னிப்பு கேக்குறவங்களுக்கு வெறும் பரவாயில்லைய விட இந்த மாதிரி ஒரு காரணம் சேத்து சொன்னா மூச்சு சீரா வரும். இன்னொன்னு ‘தெஸ்க்குயிதெ’, கவலைய விடுங்க நான் பாத்துக்குறேன்ங்கிற மாதிரி, பெட்டிய வண்டியில ஏத்திக்கிட்டே சொல்ல நல்ல சொல்லு.

‘த்ரான்கீலோ’ன்னும் நெறய கேப்பீங்க. ஆம்பளைக்கு ‘த்ரான்கீலோ’, பொம்பளைக்கு ‘த்ரான்கீலா’, கூட்டத்துக்கு ‘த்ரான்கீலோஸ்’. மன்னிப்பு கேக்குறவங்களுக்கு சொன்னா பதறாதீங்கன்னு இதமா இருக்கும். ஆனா கோவமா இருக்குற ஆளுகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, அடங்குன்னு சொன்ன மாதிரி ஆயிரும்.

கேள்வி: பரவாயில்லைக்கு ஆப்பு ஒன்னு சொல்லுது, யூடியூப்ல மெக்சிகோ அக்கா வேற சொல்றாங்க, ஆர்ஜென்டினா அண்ணன் இன்னொன்னு சொல்றாரு. எது சரி?
– ஏ.எல். மாணவி, ஹட்டன்

பதில்: எல்லாமே சரிதான் மகள். ஸ்பானிஷ் சுமார் 20 நாட்டுல ஆட்சி மொழி, யாழ்ப்பாணத்துக்கும் ஹட்டனுக்குமே பேச்சு எவ்வளவு மாறுதுன்னு உங்களுக்கு தெரியாததா. ‘நோ பாஸா நாதா’ ஸ்பெயின் வாசம் அடிக்கிற சொல்லு. ஆர்ஜென்டினா, உருகுவே பக்கம் ‘நோ ஐ த்ராமா’, ‘தோதோ பியென்’னு சர்வ சாதாரணமா சொல்வாங்க. கொலம்பியாவுல கூட்டாளிக்கு ‘ஃப்ரெஸ்கோ’. மெக்சிகோவுல ‘நோ தெ அப்பூரெஸ்’னா கவலப்படாத, அதையே ஆர்ஜென்டினாவுல சொன்னா அவசரப்படாதன்னு எடுத்துக்குவாங்க. வயசானவங்க சில பேரு ‘நோ ஐ குயிதாதோ’ம்பாங்க, லத்தீன் அமெரிக்கா பக்கம் ரொம்ப மரியாதையான பழைய பேச்சு, எனக்கு அது ரொம்ப புடிக்கும்.

‘கிராஸியாஸ்’ கூட ஸ்பெயின்ல பெரும்பாலான எடத்துல நாக்க பல்லு நுனியில வச்சு ‘கிராத்தியாஸ்’ மாதிரி கேக்கும். ரெண்டையும் காதுக்கு பழக்கிக்கங்க. வாய்க்கு ஒன்னு போதும், ‘நோ ஸெ ப்ரெயோக்கூப்பெ’ எங்க போனாலும் செல்லும்.

கேள்வி: எல்லயில ரெண்டு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறோம். ஒரு கெஸ்ட் பாத்ரூம் ஹீட்டர ஒடச்சுட்டு ‘லோ ஸியென்த்தோ’ன்னு வந்து நின்னாரு. நல்ல மனுசன், பாவமா இருந்துச்சு. ‘நோ ப்ரோப்லேமா’ன்னு சொல்லிட்டேன். பொறகு காசு கேக்க வாய் வரல. இதுக்கு என்ன வழி?
– வாசகர், எல்ல

பதில்: அண்ணே, பரவாயில்லன்னு சொல்லிட்டா அங்க கணக்கு முடிஞ்சுருச்சு, அது எந்த பாஷையிலயும் அப்படித்தான். ‘நோ பாஸா நாதா’, ‘நோ ஐ ப்ரோப்லேமா’ இதெல்லாம் உண்மையிலயே ஒன்னும் இல்லாத எடத்துக்கு வச்சுக்கங்க. ஹீட்டர் ஒன்னும் இல்லாத விஷயம் இல்ல.

அந்த எடத்துல சொல்ல வேண்டியது ‘கிராஸியாஸ் போர் அபிஸார்’, சொன்னதுக்கு நன்றின்னு. மறைக்காம வந்து சொன்னாருல்ல, அதுக்குத்தான் நன்றி. அவருக்கும் மனசு லேசாகும், நீங்களும் எதையும் விட்டு குடுக்கல. அப்புறம் ‘பாமோஸ் அ பேர்’, பாப்போம்னு சொல்லிட்டு ரிப்பேர்காரர கூப்பிட்டு எவ்வளவு ஆகும்னு கேட்டு பில்ல காட்டுங்க. காசு குடுத்து முடிச்ச பொறகு ‘தோதோ பியென்’னு கை குடுத்து அனுப்புங்க. மொதல்ல காசு, பொறகு பரவாயில்ல. இந்த வரிசை மாறுனா நஷ்டம் உங்களுக்குத்தான், அவரு ஊருக்கு போயிருவாரு.

கேள்வி: மகள், நான் தம்பேதென்ன பக்கம் கொழுந்து எடுக்குறவ. பேத்திய வச்சு எழுதுறேன். லிப்டன் சீட் போற வெள்ளக்காரங்க மலையில நாங்க நிக்கிறப்ப கேக்காம கொள்ளாம போட்டோ எடுக்குறாங்க. ஒரு நாள் ஒரு பொம்பளப் புள்ள எடுத்துட்டு, எங்க மொகத்த பாத்துட்டு, கிட்ட வந்து நெஞ்சுல கை வச்சு ‘பெர்தோன், லோ ஸியென்த்தோ’ன்னுச்சு. நானும் பரவாயில்லம்மான்னு தலைய ஆட்டிட்டேன். ஆனா மனசுக்குள்ள பரவாயில்லாம இல்ல. அதுங்க பாஷையில என்ன சொல்லலாம்?
– கொழுந்து எடுக்கும் தாய், அப்புத்தளை

பதில்: அம்மா, இந்த தடவ வந்ததுல உங்க கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். நம்ம சனத்துக்கு பரவாயில்லங்கிற சொல்லு ரொம்ப சீக்கிரம் வந்துருது. தொரைக்கு பரவாயில்ல, கணக்கப்பிள்ளைக்கு பரவாயில்ல, இப்ப டூரிஸ்டுக்கும் பரவாயில்ல. வழுக்குற சரிவுல கூடைய மாட்டிக்கிட்டு நிக்கிறப்ப ஒருத்தங்க கேமராவுக்கு நின்னா கையில எடுக்குற கொழுந்து கொறையுது, நிறுக்கிறப்ப கிலோ கொறஞ்சா அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவாங்க, அது போட்டோ எடுத்தவங்களுக்கு தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்.

அந்த புள்ள திரும்பி வந்து மன்னிப்பு கேட்டுச்சே, அது நல்ல புள்ள. அதுக்கு நல்ல பதிலும் குடுக்கலாம், உங்க மனசுல உள்ளதையும் சொல்லலாம். ‘எஸ்தா பியென், கிராஸியாஸ். பெரோ ப்ரிமேரோ ப்ரெகுன்த்தெ, போர் ஃபபோர்.’ சரிம்மா, நன்றி, ஆனா மொதல்ல கேளுங்க தயவுசெஞ்சு. அவ்வளவுதான் அதுல இருக்கு. ‘போர் ஃபபோர்’ சேத்துட்டா கடுமை இல்ல, மரியாதையான பேச்சு. நீளமா இருந்தா ‘ப்ரிமேரோ ப்ரெகுன்த்தெ, போர் ஃபபோர்’ மட்டும் போதும், பேத்திகிட்ட சொல்லி ஒரு நாலு தடவ சத்தமா வாசிக்க சொல்லுங்க, வாயில உக்காந்துரும்.

போட்டோ வேணவே வேணாம்னா ‘ஃபோத்தோ நோ, போர் ஃபபோர்’. இலக்கணம் பாக்க வேண்டியதில்ல, கையையும் ஆட்டுனா போதும். அதுக்கு அவங்க ‘பெர்தோன்’னு கேமராவ கீழ எறக்கிட்டா அப்ப சொல்லுங்க ‘கிராஸியாஸ்’னு. பரவாயில்லன்னு சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லம்மா. மன்னிப்புக்கு நன்றின்னு பதில் சொல்றதும் மரியாதைதான், அவங்க ஊருலயும் அப்படித்தான்.

சொந்தமா தோணி மன்னிச்சுட்டீங்கன்னா, சந்தோசமா ‘நோ பாஸா நாதா’ சொல்லுங்க. அப்ப அந்த சொல்லுக்கு பெறுமதி இருக்கு.

கேள்வி: தியலும நீர்வீழ்ச்சி பாக்க வர்றவங்கள கூட்டிட்டு போறேன் அக்கா. கொஸ்லந்தைக்கு பக்கம் வந்ததும் மீரியபெத்தை தோட்டத்த பத்தி கேப்பாங்க. 2014 ஒக்டோபர் 29 காலையில லயத்து வீடுங்க மேல மண் சரிஞ்சத சொல்வேன், எங்க சொந்தத்துலயும் போனாங்கன்னு சொல்வேன். ஸ்பானிஷ்காரங்க ‘லோ ஸியென்த்தோ மூச்சோ’ம்பாங்க. அவங்க எதுக்கு எங்கிட்ட மன்னிப்பு கேக்குறாங்க? நான் ‘நோ பாஸா நாதா’ன்னு சொல்லலாமா?
– வாசகர், கொஸ்லந்தை

பதில்: வேணாம் தம்பி, அங்க அத சொல்லக் கூடாது. அது மன்னிப்பு இல்ல. ‘லோ ஸியென்த்தோ’ன்னா நேரா பாத்தா அத உணருறேன்னுதான், தப்பு செஞ்சாலும் சொல்வாங்க, அடுத்தவங்க துக்கத்துல பங்கு எடுக்குறப்பவும் சொல்வாங்க. எழவு வீட்டுல கைய புடிச்சுக்கிட்டு சொல்றதும் இதேதான். ‘லெ அக்கொம்ப்பாஞோ என் எல் ஸென்த்திமியென்த்தோ’ன்னும் சொல்வாங்க, உங்க துக்கத்துல கூட இருக்கேன்னு.

இதுக்கு பதில் ‘கிராஸியாஸ்’. மெதுவா, ஒரே சொல்லு. ‘மூச்சாஸ் கிராஸியாஸ்’னா இன்னும் கொஞ்சம் கூட. ஒன்னும் ஆகலன்னு அர்த்தம் வர்ற எதையும் அங்க சொல்லாதீங்க, செத்தவங்கள ஒன்னும் இல்லன்னு ஆக்குன மாதிரி கேக்கும், அவங்களுக்கும் என்ன சொல்றதுன்னு தெரியாம போயிரும். சில பேரு கேட்டுட்டு ரொம்ப கலங்கிருவாங்க, அவங்கள தேத்துறது உங்க வேலைன்னு நெனச்சுக்காதீங்க, இழந்தது நீங்க. கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, நடக்கலாமான்னு கேக்க ‘பாமோஸ்?’னு சொல்லுங்க.

எப்படி வித்தியாசம் கண்டுபுடிக்கிறதுன்னா, உங்களுக்கு அவங்க எதுவும் செய்யல, ஆனா ‘லோ ஸியென்த்தோ’ங்குறாங்கன்னா அது அனுதாபம். கால மிதிச்சுட்டு சொன்னா மன்னிப்பு. ‘பெர்தோன்’, ‘திஸ்க்குல்ப்பெ’ ரெண்டும் அனுதாபத்துக்கு வராது, மன்னிப்புக்குத்தான், இல்லன்னா வழி கேக்க, காதுல விழாதத திரும்ப கேக்க.

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு சுடுதண்ணி கேட்டு வந்து ‘பெர்தோனெ லா மொலேஸ்தியா’ங்குறாங்க. இதுவும் மன்னிப்பா?
– ஹோட்டல் ஊழியர், நுவரெலியா

பதில்: ஆமா, தொந்தரவுக்கு மன்னிக்கணும்னு. பதில் ‘நோ எஸ் நிங்கூனா மொலேஸ்தியா’, ஒரு தொந்தரவும் இல்லன்னு. ஸ்பெயின்காரங்கன்னா ‘ஃபால்த்தரீயா மாஸ்’னு சொல்லி பாருங்க, அட இது கூட செய்ய மாட்டோமாங்கிற மாதிரி, கேட்டா முகம் மலரும். நுவரெலியா குளுருல ராத்திரி சுடுதண்ணி கேக்குறது நியாயந்தானே.

கேள்வி: நான் வெல சொன்னதும் ஒரு ஆளு ‘பெர்தோன்?’னாரு. உடனே ‘நோ பாஸா நாதா’ன்னேன். அவரு முழிச்சாரு.
– மரக்கறி கடைக்காரர், பண்டாரவளை

பதில்: கடைசியில குரல் மேல போச்சுன்னா அது கேள்வி அண்ணே. காதுல விழல, திரும்ப சொல்லுங்கன்னு கேட்ருக்காரு. வெலைய இன்னொரு தடவ, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. முடிஞ்சா விரல்லயும் காட்டுங்க.